ஆறு வயது லேப்ரடாரை ஷெல்டரில் விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி: கால்நடை மருத்துவர் பதில்

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. அவருடைய மாமனார் குட்டியிலிருந்து வளர்த்த பெண் லேப்ரடார் ரோஸி (பெயர் மாற்றப்பட்டுள்ளது). வயது ஆறு, எடை 34 கிலோ. கருத்தடை செய்யவில்லை. மாமனார் ஆறு மாதத்துக்கு முன் காலமானார். சொந்த வீட்டை விற்றுவிட்டு, இன்னும் இரண்டு மாதத்தில் போரூரில் ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு வாடகைக்குப் போகிறார்கள். சகோதரி ஐந்து மாதக் கர்ப்பிணி. மாமியாருக்கு வயது 68, முட்டிவலி. மாமனார் போனதிலிருந்து ரோஸி விடிகாலை ஐந்தரைக்கு கேட் பக்கத்தில் நின்று விடாமல் குரைக்கிறாள், அவருடைய செருப்பைக் கடித்துக் குதறிவிட்டாள், சாப்பாட்டில் பாதியை அப்படியே வைக்கிறாள். நாற்பது நாளுக்கு முன் கூரியர் கொண்டுவந்த பையனின் கெண்டைக்காலில் பல் பதித்துவிட்டாள். 2,000 ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கடைசியாகத் தடுப்பூசி போட்டு மூன்று வருஷம் ஆகிறது. மாநகராட்சி உரிமம் எடுக்கவே இல்லை.

“ஏதாவது நல்ல ஷெல்டரில் விட்டுவிட்டு மாதாமாதம் பணம் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம். இரண்டு இடத்தில் கேட்டோம், இடமில்லை என்றார்கள். கணவரின் நண்பர், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு தோப்பில் விட்டால் அங்கே இருக்கிற நாய்களோடு பழகிக்கொள்ளும் என்கிறார். குட்டி விற்கிற ஒருவர், பணமே வேண்டாம், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்கிறார். புது அடுக்ககத்தின் செயலாளர் நாய்க்கு அனுமதி இல்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார். கர்ப்பமாக இருக்கும்போது நாய் வீட்டில் இருக்கக் கூடாது என்று அம்மா வீட்டில் சொல்கிறார்கள். ஊசி போட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் பேச்சு வந்தது. நான் அன்று முழுக்க அழுதேன். என்னதான் செய்வது டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உயிரைப் போக்குகிற ஊசி போடுகிற பேச்சை விட்டுவிடுங்கள். தீராத வலியிலோ குணமாகாத நோயிலோ துடிக்கிற உயிருக்குத்தான் அந்த ஊசி. ரோஸிக்கு அப்படி ஒன்றும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. அன்று அழுததற்காக வருத்தப்படாதீர்கள், அந்த அழுகை சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது.

ரோஸிக்கு இன்னொரு வீடு தேட வேண்டி வந்தால், உங்கள் வீட்டிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போகட்டும். நடுவில் ஷெல்டர் கூண்டு வேண்டாம். ஷெல்டர்களின் உதவி உங்களுக்கு நிறையவே தேவைப்படும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. அதற்கு முன்னால், ரோஸியை வைத்துக்கொள்ளவே வழி இருக்கிறதா என்று மூன்று வாரம் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்தரை மணிக் குரைப்பு எதற்கு?

உங்கள் கடிதத்தில் இரண்டு வரியில் கடந்துபோன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. மாமனார் தினமும் ஐந்தரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை போய்வருவார் என்றும், அவர் போனபின் யாரும் கூட்டிப்போவதில்லை, காம்பவுண்டுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே ஐந்தரைக்குத்தான் கேட்டில் நின்று குரைக்கிறாள். அவளுக்குக் குணம் கெட்டுவிடவில்லை. அவளைப் பொறுத்தவரை கூட்டிப்போகிற ஆள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆறு வருஷம் ஒரே நேரத்தில் ஒரே மனிதரோடு நடந்த நாய்க்கு ஆளும் போய், நடையும் போய்விட்டது. செருப்பைக் குதறியதும் அதே கதை. அந்த வீட்டில் அவர் வாசனை அதிகம் தங்கியிருக்கிற பொருள் அதுதான்.

இருந்தாலும் மனவருத்தம் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். சாப்பாடு குறைவதற்கும் கடிப்பதற்கும் பின்னால் பல நேரம் வலி இருக்கும். லேப்ரடாருக்குத் தொங்குகாது. சென்னை ஈரத்துக்குள் காது புழுத்தது போல் சீழ் வைப்பது சர்வசாதாரணம். காதைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த வாடையோ காப்பிப் பொடி மாதிரி அழுக்கோ இருந்தால் அங்கே தொட்டாலே அவளுக்கு உயிர் போகும். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் இந்த இனத்தில் அதிகம். படுத்து எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். பெண் லேப்ரடாருக்கு ஏறக்குறைய 25 முதல் 32 கிலோ போதும், 34 கிலோ அந்த மூட்டின் மேல்தான் இறங்குகிறது. உண்ணிக் காய்ச்சலும் ஒரு சந்தேகம். ஈறு வெளிறி, சோர்ந்து கிடந்தால் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. கருத்தடை செய்யாத ஆறு வயதுப் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டுகிற ஆபத்து உண்டு. ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்த நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் வரும். சாப்பாடு குறையும், தண்ணீர் குடிப்பது கூடும், சில நாய்க்குப் பின்பக்கம் சீழோ இரத்தம் கலந்த கசிவோ தெரியும். சிலவற்றில் கருப்பை வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும், அதுதான் இன்னும் மோசம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலையில் அளந்து ஐந்து லிட்டர் தண்ணீர் ஒரே பாத்திரத்தில் வைத்து, வேறெங்கும் தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலை மிச்சத்தை அளங்கள். 34 கிலோ நாய் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் போலக் குடிப்பது இயல்பு. மூன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், மறுநாள் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அக்கம்பக்கத்தில் மருத்துவர் அமையவில்லை என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-லிருந்து இயங்குகிற கல்லூரி. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் அதிகம்.

கர்ப்பமும் நாயும்

அம்மா வீட்டில் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியை நினைத்து. அந்தக் கிருமி முட்டையிட்டுப் பெருகி வெளியேறுவது பூனையின் குடலில். நாய் அப்படிப் பரப்புவதில்லை. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, கையுறை இல்லாமல் கிளறுகிற தோட்டத்து மண் இவற்றில்தான் உங்களுக்கு அதிகக் கவனம் வேண்டும். ரோஸியால் வரக்கூடிய ஆபத்து வேறு மாதிரியானது. 34 கிலோ உடம்பு பாசத்தில் உங்கள் வயிற்றின் மேல் தாவுவதும், வாரை இழுத்து உங்களைக் கீழே தள்ளுவதும்தான் அது. ஆகவே நீங்கள் நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம், கணவர் போகட்டும். அவளுடைய மலத்தை நீங்கள் அள்ள வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, மாதாமாதம் உண்ணி மருந்து தவறக் கூடாது. இவ்வளவுதான்.

கூரியர் தம்பி

பணம் கொடுத்தது மனிதத்தன்மை. ஆனால் அன்று அவருக்குத் தேவைப்பட்டது வேறு. கடிபட்ட இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவியிருக்க வேண்டும், அன்றே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். இரத்தம் கசிந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும்.

நாற்பது நாள் கழித்தும் ரோஸி நடமாடிக்கொண்டு இருக்கிறாள் என்பதால் ஒன்று உறுதி. கடித்த நாளிலிருந்து பத்து நாள் ஒரு நாய் நோயில்லாமல் உயிரோடு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். அந்தத் தம்பிக்கு இந்தக் கடியால் ரேபிஸ் வராது. அவருக்குப் போன் போட்டு இதைச் சொல்லுங்கள். நாற்பது நாளாக அவர் இரவில் எதை நினைத்துப் படுத்திருப்பாரோ. ஒரு எச்சரிக்கை: “பத்து நாள் பார்ப்போம்” என்பது நாயைக் கவனிக்க மட்டும்தான். ஊசியைத் தள்ளிப்போடுவதற்கான பத்து நாள் அல்ல அது.

நாயால் பிறருக்குக் காயம் நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291-வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இன்றிலிருந்து கேட்டுக்கு உள்பக்கம் தாழ் போடுங்கள், வருபவர் மணி அடிக்கும்படி கேட்டிலேயே ஒரு பலகை மாட்டுங்கள்.

தோப்பில் விடுவது

கணவரின் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நாய்கள் புது நாயைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தெருவும் தோப்பும் ஏற்கெனவே ஒரு கூட்டத்தின் எல்லை. இறங்கின அன்று இரவே சூழ்ந்துகொள்ளும். தெருவில் பிறந்த நாய்க்கு வாலைத் தாழ்த்தி எப்போது ஒதுங்க வேண்டும் என்று தெரியும், லாரி வருகிற வேகம் தெரியும், எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எச்சில் இலை விழும் என்று தெரியும். ரோஸிக்கு இதில் ஒன்றும் தெரியாது. கடிபட்ட காயத்தில் ஈ உட்கார்ந்தால் ஒன்றிரண்டு நாளில் புழு வைக்கும். அடுத்த ஹீட்டில் சினையாகிவிடுவாள். இப்படிக் கைவிடப்பட்ட வீட்டு நாய்கள் பெரும்பாலும் ஊர் சுற்றப் போவதில்லை. கார் கதவு சாத்தப்பட்ட அதே இடத்தில், அதே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பசியில் சுருண்டு விழும்வரை நகராதவையும் உண்டு.

சட்டப்படியும் இது குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு: பசியாலும் தாகத்தாலும் துன்பப்படக்கூடிய நிலையில் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவது வதை. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த 50 ரூபாய் உச்சவரம்பு மாறவே இல்லை என்பது இந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம். தொகை சின்னது என்பதற்காகக் குற்றம் சின்னது ஆகிவிடாது. தெரு நாய்களுக்கான 2023-ஆம் ஆண்டு கருத்தடை விதிகளும் வீட்டு நாயைத் தனியாகவே பிரிக்கின்றன. அதன் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் பொறுப்பு உரிமையாளர்தான்.

ஷெல்டர் எதற்காக இருக்கிறது

இரண்டு இடத்தில் இடமில்லை என்று சொன்னது கல்நெஞ்சத்தால் அல்ல. ஷெல்டரை முதியோர் இல்லம் மாதிரி நினைக்கிறோம். அது அவசரச் சிகிச்சை வார்டு. வண்டியில் அடிபட்ட நாய், கண் திறக்காத குட்டிகள், கிணற்றில் விழுந்த பூனை, காயத்தில் புழு வைத்த மாடு இவற்றுக்குத்தான் அங்கே முதல் இடம். சென்னையில் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்தது. நாட்டுக்கே அதுதான் முன்மாதிரி. அப்படிப்பட்ட இடங்களின் பலம் அறுவை அறையிலும் ஆம்புலன்சிலும் இருக்கிறது. நன்றாக இருக்கிற வீட்டு நாய் ஒன்றுக்கு ஒரு கூண்டு கொடுத்தால், அந்தக் கூண்டு வேண்டியிருந்த ஓர் அடிபட்ட நாய் வெளியே நிற்கும்.

ரோஸிக்கும் அது நல்லதல்ல. விசிறிக்குக் கீழே மொசைக் தரையில் தூங்கிப் பழகியவள், இரண்டு பக்கமும் இரவெல்லாம் குரைப்பு கேட்கிற கூண்டில் முதல் மூன்று நாள் தட்டைத் தொடமாட்டாள். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்று சிறுநீரை அடக்குவாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடக்கிற நாயைத் தத்தெடுக்க வருகிறவர்கள் இரண்டாம் முறை பார்ப்பதில்லை, அடுத்த கூண்டில் வாலாட்டுகிற குட்டியிடம் போய்விடுகிறார்கள். இன்னொன்று கிருமி. எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் நோயாளி நாய்கள் வந்துபோகிற இடம் அது. டிஸ்டெம்பர், பார்வோ இரண்டும் நாயின் உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய்கள். டிஸ்டெம்பர் இருமலிலும் மூக்குச் சளியிலும் பரவும், பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். மூன்று வருஷம் ஊசி தவறிய நாயை அங்கே கொண்டுபோய் விடுவது ஆபத்து.

மாதக் கட்டணம் வாங்குகிற தனியார் போர்டிங் வேறு வகை. ஒரு வாரம், பத்து நாள் ஊருக்குப் போகும்போது சரி. வாழ்நாள் முழுக்க அல்ல. போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லாமல் போய்ப் பாருங்கள். இரவில் ஆள் தங்குகிறாரா, எத்தனை நாய்க்கு எத்தனை பேர், பகலில் எவ்வளவு நேரம் கூண்டைத் திறந்து விடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்களிடம் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காத இடத்தில் நாயை விடாதீர்கள். உங்களிடம் கேட்கவில்லை என்றால் பக்கத்துக் கூண்டு நாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷெல்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: கருத்தடைக்கு நாள், ரேபிஸ் ஊசி, தத்தெடுக்க விரும்புகிறவர்களின் பட்டியல், அவர்களுடைய தத்துப் படிவத்தின் மாதிரி, ரோஸியின் படத்தை அவர்கள் பக்கத்தில் போடுகிற உதவி. “நாயை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கிறவர்களுக்கு இடமில்லை என்பார்கள். “நல்ல வீடு கிடைக்கும்வரை நாங்களே வைத்திருக்கிறோம், தேடித் தாருங்கள்” என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

அடுக்ககச் செயலாளர் சொன்னது

அடுக்ககச் சங்கம் நாயே கூடாது என்று தடை போட முடியாது. பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் போட்டாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. நாயின் அளவைக் காரணம் காட்டக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ அதற்குத் தனிக் கட்டணம் என்றோ சொல்லக் கூடாது. வாரில் பிடித்துக்கொண்டு போவதும், அசுத்தத்தைச் சுத்தம் செய்வதும் உங்கள் கடமை. இவை வழிகாட்டுதல்கள்தான், ஆனாலும் எழுத்தில் காட்டிப் பேசினால் பெரும்பாலான செயலாளர்கள் இறங்கி வருவார்கள்.

ஆனால் நீங்கள் வாடகைக்குப் போகிறீர்கள். இங்கே நீங்கள் செயலாளரைவிட வீட்டு உரிமையாளரைத்தான் பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் “செல்லப்பிராணி கூடாது” என்று இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு நல வாரியத்தின் காகிதம் உங்களுக்குக் கைகொடுக்காது. வீட்டைச் சேதப்படுத்துவதும் பிறருக்குத் தொல்லை தருவதும் காலி செய்யச் சொல்வதற்கே காரணமாகலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், “ஒரு நாய் வளர்க்க உரிமையாளருக்குச் சம்மதம்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சம்மதம் இல்லையென்றால் இரண்டு மாதம் இருக்கிறது, வேறு வீடு பார்க்கலாமா என்று குடும்பமாக யோசியுங்கள்.

லேப்ரடார் அடுக்ககத்தில் வாழாது என்பது தவறான எண்ணம். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் அரைமணி நேரம் நடை கிடைத்தால் மிச்ச நேரம் தூங்குகிற இனம் அது. நடை இல்லாத பெரிய காம்பவுண்டைவிட, நடை உள்ள இரண்டு அறை வீடு அவளுக்கு மேல். லிஃப்ட் இல்லையென்றால் மட்டும், இடுப்பு மூட்டு எக்ஸ்ரே பார்க்காமல் மூன்று மாடி ஏற்றி இறக்க வேண்டாம்.

ஆகவே நாளையிலிருந்து மூன்று வாரம் கணவர் ஐந்தரைக்கு எழுந்து அவளைக் கூட்டிப்போகட்டும். முடியாத நாளுக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். குரைப்பும் சாப்பாடும் மாறுகிறதா என்று தினமும் இரண்டு வரி குறித்து வையுங்கள். மூன்று வாரம் அவராலும் முடியவில்லை, ஆளும் கிடைக்கவில்லை என்றால், குழந்தை பிறந்தபின் நிச்சயம் முடியாது. அப்போது வேறு வீடு தேடுவது கைவிடுவது ஆகாது.

இந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியவை

நீங்களே வைத்துக்கொண்டாலும் கொடுத்தாலும் இவை பொது. முதல் வாரமே முழுப் பரிசோதனை, ரேபிஸ் ஊசி, டிஸ்டெம்பர்-பார்வோ-லெப்டோ (எலிக் காய்ச்சல்) சேர்ந்த ஊசி. இதில் லெப்டோவுக்கு மட்டும், விட்டுப்போன நாய்க்கு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் இன்னொரு தவணை வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்தினால் மழைக்காலத்தில் எலிக் காய்ச்சலுக்குப் பாதுகாப்பு இருக்காது.

இரண்டாவது வாரம் உரிமம். மடிப்பாக்கம், போரூர் இரண்டுமே சென்னை மாநகராட்சிக்குள் வருகின்றன. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், 2025-ல் கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாயாக இருந்தது. நாயின் படம், முகவரிச் சான்று, ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் உரிமம் வராது, அதனால்தான் ஊசி முதலில். உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்திருக்கிறார்கள், மைக்ரோசிப்பும் கட்டாயமாகிவிட்டது. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டையில் மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவ மையங்கள் இருக்கின்றன. சிப் என்பது அரிசி மணி அளவு. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசியால் போடுவார்கள். நாய் எங்கே இருக்கிறது என்று அது போனில் காட்டாது. கருவியைப் பக்கத்தில் காட்டினால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் சரியான போன் நம்பர் இருந்தால்தான் பயன். கழுத்துப்பட்டையில் நம்பர் பொறித்த தகடும் தனியாக வேண்டும்.

கருத்தடையை ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது, இரத்தப்போக்கு குறைவாக இருக்கும். கடைசி ஹீட் எப்போது என்று மாமியாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். தையல் ஆற பத்துப் பதினாலு நாள், அதுவரை தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு, குளியல் இல்லை.

குட்டி விற்கிறவர் ஏன் இலவசமாகக் கேட்கிறார் என்று இப்போது புரியும். கருத்தடை செய்யாத ஆறு வயது லேப்ரடார் அவருக்கு இரண்டு வருஷ வருமானம். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி அவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஒரு நாய்க்கு வருஷத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். எப்படியும் அவருக்குக் கொடுக்க வேண்டாம். கருத்தடை முடிந்த நாய் என்று விளம்பரத்தில் முதல் வரியிலேயே போட்டுவிட்டால் இப்படிப்பட்டவர்கள் தானாக விலகிவிடுவார்கள்.

புது வீடு தேடும்போது

படத்தைக் காலை வெயிலில், நீங்கள் தரையில் உட்கார்ந்து அவள் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். சங்கிலியில் கட்டிய படம் வேண்டாம். முகம் ஒன்று, பக்கவாட்டில் முழு உடம்பு ஒன்று, மாமியார் காலடியில் படுத்திருப்பது போல் அரை நிமிஷ வீடியோ ஒன்று. கூரியர் தம்பியைக் கடித்ததை மறைக்காதீர்கள். மறைத்துக் கொடுத்த நாய்தான் ஒரே வாரத்தில் தெருவுக்கு வருகிறது. “கேட் திறந்திருந்தால் புது ஆளைப் பார்த்துப் பதறுவாள், வீட்டுக்குள் குழந்தை மாதிரி” என்று எழுதுங்கள். அப்படியே எடுத்துக்கொள்கிறவர் வைத்துக்கொள்வார்.

வருகிறவரிடம் வீடு சொந்தமா, உரிமையாளர் சம்மதமா, பகலில் யார் இருப்பார்கள், இரவில் எங்கே படுக்கும் என்று கேளுங்கள். அதோடு இன்னொன்று கேளுங்கள்: “இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா? அது என்ன ஆயிற்று?” பதினோரு வருஷம் இருந்து சிறுநீரகம் போய் இறந்தது என்று விவரமாகச் சொல்கிறவர் வேறு. “எங்கோ போய்விட்டது” என்று முடிக்கிறவர் வேறு. காவலுக்கு என்று கேட்கிற தோட்டக்காரர், கல் குவாரிக்காரர், குடோன்காரர் வேண்டாம். லேப்ரடார் காவல் நாய் அல்ல, ஒரு மாதத்தில் சங்கிலிக்கு வந்துவிடும். அவர்கள் வீட்டுக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள். பால்கனிக் கம்பி இடைவெளி, கேட்டின் அடிச்சந்து, மொட்டைமாடிச் சுவர் உயரம் பாருங்கள்.

பிடித்துவிட்டால் முதலில் பத்து நாள் சோதனைக்காக மட்டும் அனுப்புங்கள். பிறகு இரண்டு பிரதி காகிதம்: இரு தரப்புப் பெயர், முகவரி, அடையாளச் சான்று நகல், ரோஸியின் அடையாளம், சிப் எண், கொடுத்த தேதி, ‘வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது’ என்ற வரி, கையெழுத்து. சிப் பதிவில் பெயரை மாற்றுங்கள். இல்லையென்றால் நாளைக்கு ஏதாவது நடந்தால் போன் உங்களுக்குத்தான் வரும். புது உரிமத்தை அவர்கள் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். தீபாவளியை ஒட்டிக் கொடுக்க வேண்டாம். வெடிச் சத்தத்துக்குப் பயந்து புது வீட்டிலிருந்து ஓடுகிற நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.

அனுப்புகிற அன்று ஒரு பையில் அவள் உணவுத்தட்டு, தடுப்பூசிப் புத்தகம், ஒரு வாரச் சாப்பாடு, துவைக்காத பழைய போர்வை, மாமனாரின் சட்டை ஒன்று இருந்தால் அதுவும். உணவை மாற்றுவதாக இருந்தால் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, இல்லையென்றால் வயிற்றுப்போக்கு நிச்சயம். முதல் இரண்டு வாரம் சுற்றுச்சுவர் உள்ள வீடானாலும் வார் போட்டே வெளியே விடச் சொல்லுங்கள். ஓடிப்போவதெல்லாம் அந்த நாட்களில்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் அவள் வழக்கங்களையும் எழுதிக் கொடுங்கள். எந்தச் சொல்லுக்கு உட்காருவாள், இடிக்குப் பயப்படுவாளா, காதைத் தொட்டால் என்ன செய்வாள், காலை ஐந்தரைக்குக் கேட்டில் போய் நின்றால் அது எதற்காக. முதல் இரண்டு வாரம் நீங்கள் பார்க்கப் போக வேண்டாம், வீடியோ மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது வாரத்துக்குமேல் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். உங்களைவிட அவருக்குத்தான் அது தேவைப்படும்.